விண்டோஸ் 10 முடிந்துவிட்டது என்பதற்காக ஓடுகிற கணினியை எடைக்குப் போடாதீர்கள்

ஏரிக்கரை | அல்சூர், பெங்களூரு

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிட்டன. அதற்குப் பிறகு நம் ஊரில் கணினிக் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடு பக்கம் போனாலே மனசு கஷ்டப்படுகிறது. ஆறாம் தலைமுறை, ஏழாம் தலைமுறை இன்டெல் சிப் போட்ட மேசைக் கணினிகளை, ஒரு கோளாறும் இல்லாதவற்றை, கடை வாசலில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கேட்டால் "விண்டோஸ் பதினொண்ணு ஏறாது சார், எடைக்குத்தான்" என்கிறார்கள். எங்கள் தெருவில் டியூஷன் நடத்தும் ஓர் அம்மாவிடமும் சர்வீஸ் பார்க்க வந்தவர் இதையே சொல்லி, எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கச் சொல்லியிருக்கிறார். அங்கே பிள்ளைகள் செய்வது தட்டச்சு, கொஞ்சம் பைத்தான், யூடியூபில் கணக்குப் பாடம். இதற்கு எதற்குப் புதுக் கணினி?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். காசு கொடுத்து வாங்கிய இயந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது, அதன் ஆயுள் முடிந்ததா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியவர் அதை வாங்கியவர்தான். எங்கோ ஒரு நிறுவனம் குறித்த தேதிக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கக் கூடாது.

"ஏறாது" என்று ஏன் சொல்கிறார்கள்? 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது டி.பி.எம். 2.0 வேண்டும், செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஏற்கும் வசதி) வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்து, ரைசன் என்றால் பெரும்பாலும் 2000 வரிசையிலிருந்து இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். டி.பி.எம். என்பது ரகசியச் சாவிகளைக் காக்கும் பகுதி. தனிச் சிப்பாகவும் இருக்கும், பிராசஸரோடு சேர்ந்த ஃபர்ம்வேராகவும் இருக்கும். டிஸ்க்கை விண்டோஸின் பிட்லாக்கர் வசதி கொண்டு பூட்டினால் சாவி இங்கே பத்திரமாக இருக்கும்; லேப்டாப் திருடு போனாலும் டிஸ்க்கைக் கழற்றி வேறு இடத்தில் மாட்டிப் படிக்க முடியாது. நல்ல ஏற்பாடு. அதில் எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை. ஆனால் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் பலவற்றிலும் இதே டி.பி.எம். 2.0 இருக்கிறதே! கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்புக்குள் போய், ஃபர்ம்வேர் வகை டி.பி.எம்.ஆன இன்டெல் பி.டி.டி. என்பதை இயக்கிவிட்டால் வேலை செய்கிறது. அப்படியும் பட்டியலில் இடம் இல்லை. ஏழாம் தலைமுறை மேசைக் கணினிச் சிப்கள் 2017 ஜனவரியில்தான் சந்தைக்கு வந்தன. ஐந்து வருஷம்கூட ஆகாத பொருளை 2021-இல் ஒதுக்கியதற்குத் தொழில்நுட்பக் காரணம் மட்டும்தான் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இப்போது புதுசு வாங்குவதும் லேசு இல்லை. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்கள் போய்ச் சேர்வதால் 2025 கடைசியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் தன் க்ரூஷியல் பிராண்டைச் சில்லறை விற்பனையிலிருந்தே எடுத்துவிடுவதாக அறிவித்தது. நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் 8 ஜிபி ரேமை இந்த நேரத்திலா எடைக்குப் போடுவது?

டியூஷன் அம்மாவுக்கு நான் சொன்ன வழி: ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு சுற்றாத, வேகமான 2.5 இன்ச் சாட்டா எஸ்.எஸ்.டி. போடுங்கள், விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் ஏற்றுங்கள். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. பழைய கணினி மந்தமாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் சுற்றுகிற டிஸ்க்தான், பிராசஸர் இல்லை. அங்கே இப்போது வகுப்பு நடக்கிறது.

உங்கள் வீட்டில், கடையில் என்ன நிலைமை? எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

தங்கவயல் | கே.ஜி.எஃப். – பெங்களூரு தினசரி ரயில்

ஏரிக்கரை அண்ணே, ஆதங்கம் புரிகிறது. சர்வர் பராமரிப்பு என் வேலை என்பதால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். "ஓடுகிறதே" என்பதை நம்பி அப்டேட் இல்லாத விண்டோஸை இணையத்தில் விட்டுவைப்பவர்கள் நிறைய. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை பரவியதே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளே ஸ்தம்பித்தன. கடைசியில் ஆதரவு முடிந்து மூன்று வருஷமான எக்ஸ்பிக்கும் சேர்த்து அவசர பேட்ச் விட வேண்டி வந்தது. ஆகவே "தேதியைக் கண்டுகொள்ளாதே" என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இயந்திரத்தை வைத்துக்கொள்ளலாம். அப்டேட் நின்ற மென்பொருளை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று, லினக்ஸ் என்றால் கவலையே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சின்ன சுருக்கு மென்பொருளுக்குள் யாரோ பின்கதவு வைத்திருந்தார்கள். தொலைவிலிருந்து சர்வருக்குள் போகும் எஸ்.எஸ்.எச். உள்நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்டு ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற ஒரு பொறியாளர் தோண்டியதால்தான் வெளியே வந்தது. அவர் பார்க்காமல் விட்டிருந்தால் ஏராளமான சர்வர்களுக்குள் நுழையும் வழி அதை வைத்தவர்கள் கைக்குப் போயிருக்கும்.

ஏரிக்கரை | அல்சூர்

தங்கவயல் தம்பி, இயந்திரத்தையும் மென்பொருளையும் பிரித்துப் பார்க்கச் சொன்னீர்களே, அதுதான் சரியான வழி. நான் சொல்வதும் அதுவே. எக்ஸ்இசட் விஷயத்தை மட்டும் நான் வேறு மாதிரி பார்க்கிறேன். அவர் அந்த நிறுவனம் இந்த நிறுவனம் என்று யாரிடமும் அனுமதி கேட்காமல் மூலநிரலைத் திறந்து பார்க்க முடிந்தது. ஆனால் 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் ஒரே ஒரு அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று வெளியே யாரும் முன்கூட்டிப் பார்த்திருக்க வழியே இல்லை.

வரவுசெலவு | சிவாஜிநகர்

கணக்கு எழுதும் தொழில் என்னுடையது. ஜி.எஸ்.டி., வருமான வரி, சின்னச் சின்ன கடைகளின் கணக்கு. நீங்கள் சொல்கிற மின்ட் எனக்குச் சரிப்படாது. டாலி கணக்கு மென்பொருள் வேண்டும். கம்பெனி கிளையண்டுகளுக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் மாட்ட வேண்டும். மாசத்தில் 20-ஆம் தேதி நெருங்கும்போது "டோக்கன் தெரியவில்லை" என்று வந்தால் யார் எனக்கு அபராதம் கட்டுவார்கள்? என்னுடையது ஐ5 ஏழாம் தலைமுறை, 8 ஜிபி. என்ன செய்யட்டும்?

ஏரிக்கரை | அல்சூர்

அக்கா, உங்களிடம் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். டாலி நம் பெங்களூரு நிறுவனம்தான், ஆனால் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமே. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் வைன் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பிழைப்புக்கான கணக்கை அதை நம்பி வைக்கக் கூடாது.

உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. இ.எஸ்.யூ. என்று கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் தனிநபர் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கிறது. விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும். அமைப்புகளில் அப்டேட் பக்கம் போனால் சேரும் இணைப்பு தெரியும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து உங்கள் அமைப்புகளை அவர்களுடைய இணையச் சேமிப்பில் (மேகத்தில்) பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் காசில்லை. இல்லாவிட்டால் 30 டாலர், அல்லது அவர்களுடைய ரிவார்ட்ஸ் புள்ளிகள் ஆயிரம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்கு அந்தப் பேக்கப் நிபந்தனை இல்லாமலே இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள், ஏனென்றால் அங்கே நுகர்வோர் அமைப்புகள் சண்டை போட்டன. நம் ஊரில் யாரும் அப்படிக் கேட்கவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அதற்குள் எஸ்.பி. ரோட்டில் எட்டாம் தலைமுறைக்கு மேலான பழைய அலுவலகக் கணினி ஒன்றைத் தேடுங்கள். ஐ.டி. கம்பெனிகள் குத்தகை முடிந்து கழிக்கிற ஆப்டிப்ளெக்ஸ், திங்க்சென்டர் வகைகள் கிடைக்கும். பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரை நம்பாதீர்கள், கணினியைப் போட்டு சிஸ்டம் பக்கத்தில் பாருங்கள்: ஐ5-7500 என்றால் ஏழாவது, ஐ5-8500 என்றால் எட்டாவது. டி.பி.எம். தெரிகிறதா என்று அங்கேயே சோதித்துவிட்டுக் காசு கொடுங்கள். இப்போதிருக்கும் ஏழாம் தலைமுறைக் கணினியை வீட்டில் பிள்ளைகளுக்கு மின்ட் போட்டுக் கொடுத்துவிடலாம்.

தங்கவயல் | கே.ஜி.எஃப்.

ரூஃபஸ் என்ற இலவசக் கருவி வைத்து டி.பி.எம். சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறேன் என்று சில கடைகள் சொல்லும். அக்கா போன்றவர்கள் அந்த வழிக்குப் போக வேண்டாம். ஆதரவில்லாத கணினிக்கு அப்டேட் தரும் பொறுப்பு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. வருடாந்திரப் பெரிய பதிப்பை ஒவ்வொரு முறையும் கையால்தான் ஏற்ற வேண்டியிருக்கும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, கோர் 2 டுவோ போன்ற பழசு என்றால் பூட்டே ஆகாது. அந்த பிராசஸரில் இல்லாத கட்டளைகளை அது கேட்கிறது. பொழுதுபோக்குக்குச் செய்து பார்க்கலாம், தொழிலுக்கு வேண்டாம்.

அச்சுக்கூடம் | ஸ்ரீராமபுரம்

கல்யாணப் பத்திரிகை, கோயில் விழா நோட்டீஸ், நினைவஞ்சலி போஸ்டர் அடிக்கிற கடை. எங்க அப்பா காலத்து ஃபைல் எல்லாம் பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர்ல இருக்கு. பாமினி, வானவில் எழுத்துரு. கம்ப்யூட்டர் விண்டோஸ் 7. நீங்க பத்தைப் பத்திப் பேசுறீங்க, எங்க கடை அதுக்கும் முந்தி. இதை என்ன பண்றது? ஃபைலை வேற கம்ப்யூட்டர்ல திறந்தா எல்லாம் இங்கிலீஷ் எழுத்தா கொட்டுது.

ஏரிக்கரை | அல்சூர்

அண்ணே, உங்கள் கேள்விக்காகத்தான் இந்த இழையைத் தொடங்கினேன் என்றே சொல்லலாம். நம் சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், ஓக்லிபுரம் பக்கத்து அச்சகங்கள் எல்லாவற்றிலும் இதே கதைதான். இந்த ஊர்த் தமிழர்களின் கோயில் வரவு, சங்க மலர், குடும்பப் பத்திரிகை என்று பல வருஷத்து எழுத்து அந்த ஃபைல்களுக்குள் இருக்கிறது.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஃபைலுக்குள் சேமித்து இருப்பது தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான். அந்த எண்ணுக்குத் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டும் வேலையை எழுத்துரு செய்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடுகிறது. யூனிகோடில் அப்படி இல்லை, அ என்றால் அதற்கென்று தனி எண், எந்தக் கணினியிலும் எந்த எழுத்துருவிலும் அது அ தான். தேடினால் கிடைக்கும், வாட்ஸாப்பில் ஒட்டினால் படிக்க முடியும்.

பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும்பதிப்பு 7, அது வந்தது 2001-இல். அதற்கு இனி யாரும் பேட்ச் தரப்போவதில்லை. ஆகவே முதல் வேலை, அந்த விண்டோஸ் 7 கணினியிலிருந்து இணைய வயரைப் பிடுங்கிவிடுங்கள், வைஃபையையும் நிறுத்திவிடுங்கள். இணையமில்லாத கணினி பழசாக இருப்பதில் பெரிய ஆபத்து இல்லை. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவை அதில் நேராகச் செருகாமல், வேறு கணினியில் பார்த்து, வேண்டிய ஃபைலை மட்டும் உங்கள் சொந்த பென்டிரைவில் மாற்றுங்கள். இரண்டாவது, எல்லா ஃபைலையும் எழுத்துருக்களோடு சேர்த்து வெளி டிஸ்க் இரண்டில் பிரதி எடுங்கள். எழுத்துரு ஃபைல் தொலைந்தால் பத்திரிகையும் தொலைந்த மாதிரி. மூன்றாவது, ஒவ்வொன்றையும் பி.டி.எஃப். ஆகவும் வைத்துவிடுங்கள், எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடும், எங்கும் அப்படியே தெரியும்.

புதிதாகச் செய்யும் வேலையை யூனிகோடில் தொடங்குங்கள். ஸ்கிரைபஸ் என்ற இலவச மென்பொருள் 2024 ஜனவரியில் வந்த 1.6 பதிப்பிலிருந்து தமிழ் உயிர்மெய்களைச் சரியாகக் கோக்கிறது. ஆஃப்செட்டுக்கு வேண்டிய நான்கு வண்ண பி.டி.எஃப்.-உம் தருகிறது. கொக்கி, கொம்பு எல்லாம் இடம் மாறாமல் வருகிறது, நான் அடித்துப் பார்த்திருக்கிறேன். பழைய தட்டச்சு முறையில் கை பழகியிருந்தால் விசைப்பலகையை மாற்ற வேண்டியதில்லை. யூனிகோடுக்கும் அந்த அமைப்பு இருக்கிறது. பழைய பாமினி வாசகத்தை யூனிகோடாக்கும் மாற்றிகள் இணையத்தில் இலவசம். மாற்றிய பிறகு ஸ்ரீ, ஔ, மேற்கோள் குறி, எண்கள் இவற்றை மட்டும் கண்ணால் பாருங்கள், பிசகுவது அங்கேதான்.

தங்கவயல் | கே.ஜி.எஃப்.

அந்த விண்டோஸ் 7 டப்பா ஒருநாள் மதர்போர்டு போய் நின்றுவிடும் அண்ணே. அதற்கு முன்னால் அதை முழுசாக விர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஒரு மெய்நிகர் கணினியாக மாற்றி வைத்துவிடுங்கள். லினக்ஸோ விண்டோஸ் 11-ஓ, மேலே எது இருந்தாலும் ஜன்னலுக்குள் உங்கள் பழைய பேஜ்மேக்கர் திறக்கும். அதன் நெட்வொர்க்கை மட்டும் அணைத்து வையுங்கள். 8 ஜிபி ரேம் இருந்தால் தாராளம். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீராமபுரம் பக்கம் வந்தால் செய்து தருகிறேன், காசு வேண்டாம்.

வைட்ஃபீல்டு வாசி

ஒருவரும் பெரிய விஷயத்தைத் தொடவில்லை. 2025 ஜூலையில் நயாரா எனர்ஜிக்கு என்ன நடந்தது? அதில் ரஷ்யாவின் ராஸ்நெஃப்டுக்கு 49 சதவீதம் பங்கு. ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. இந்தியாவில் இயங்கும், குஜராத்தில் சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு, காசு கட்டி வாங்கிய மைக்ரோசாஃப்ட் சேவை நின்றது. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் திரும்பி வந்தது. இந்தியச் சட்டமும் இல்லை, அமெரிக்கச் சட்டமும் இல்லை, மூன்றாவது இடத்துச் சட்டம். மத்திய அரசு தன் மின்னஞ்சலை ஸோஹோவுக்கு மாற்றியிருக்கிறது. எல்லோரும் ஸோஹோவுக்குப் போனால் பிரச்சினை தீர்ந்தது. நம்ம ஊர்க்காரர்கள் வேறு.

ஏரிக்கரை | அல்சூர்

நயாரா விவகாரத்தை இங்கே கொண்டுவந்ததற்கு நன்றி. விண்டோஸ் 10 தேதியும் அதுவும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. சாவி யார் கையில் இருக்கிறது என்பதுதான் இரண்டிலும் கேள்வி.

ஸோஹோ மேல் எனக்குப் பெருமை உண்டு. 1996-இல் தொடங்கியவர்கள், தென்காசிப் பக்கம் மத்தளம்பாறை வரைக்கும் வேலையைக் கொண்டுபோனவர்கள். ஆனாலும் "தீர்ந்தது" என்பதை ஏற்க மாட்டேன். மூலநிரலைப் பார்க்க முடியாத மேகச் சேவை என்ற வகையில் அதுவும் மற்றதும் ஒன்றே. சாவி தெரிந்தவர் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். 2025 செப்டம்பரில் எல்லோரும் ஸோஹோவின் அரட்டை செயலிக்குப் பாய்ந்தபோது குறுஞ்செய்திகளுக்கு முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிற பூட்டு) இல்லை. அதைச் சுட்டிக்காட்டியவர்களைத் தேசப்பற்று இல்லாதவர்கள் என்று திட்டினார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. நம்மவர்களிடம் கேட்காத கேள்வியை அயலாரிடம் கேட்டு என்ன பயன்?

அரசு கேட்க வேண்டியது ஃபைல் வடிவத்தை. ஓப்பன் டாக்குமெண்ட் வடிவம் 2006-லேயே ஐ.எஸ்.ஓ. தரமாகிவிட்டது. அதில் சேமித்து வைத்தால் இன்றைக்கு ஸோஹோ, நாளைக்கு இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆஃபிஸ், நாளை மறுநாள் வேறொன்று என்று போய்க்கொண்டே இருக்கலாம். ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-இல் சுமார் 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆஃபிஸுக்கு மாற்றுவதாக முடிவெடுத்துச் செய்தும் வருகிறது. அவ்வளவு தூரம் எதற்கு, பக்கத்துக் கேரளத்தில் பள்ளிக்கூடக் கணினிகள் லினக்ஸ் வகையான உபுண்டுவை வைத்து அவர்களே உருவாக்கிய கைட் லினக்ஸில் ஓடுகின்றன. மலையாளத்தில் தட்டச்சு செய்யும் வசதியோடு. அந்தப் பிள்ளைகளுக்கு விண்டோஸ் 10 முடிந்த செய்தியால் ஒன்றும் ஆகவில்லை.

வைட்ஃபீல்டு வாசி

மியூனிக் நகரம் லினக்ஸுக்குப் போய்விட்டு 2017-இல் திரும்ப விண்டோஸுக்கு வர முடிவெடுத்ததையும் சொல்லுங்கள்.

ஏரிக்கரை | அல்சூர்

சொல்கிறேன். அது உண்மை, மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. அங்கே மேலே உட்கார்ந்தவர்கள் மாறியதும் ஆதரவு போய்விட்டது. பயன்படுத்துகிறவர்களுக்குப் பயிற்சியும் கூப்பிட்டால் வந்து பார்க்க ஆளும் இல்லாவிட்டால் எந்த மாற்றமும் நிற்காது. கேரளத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுத்தான் கணினியைக் கொடுத்தார்கள். வித்தியாசம் அங்கே இருக்கிறது.

பைந்தளிர் | ஜாலஹள்ளி, பி.இ. இரண்டாம் ஆண்டு

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். என் லேப்டாப் ஐ3 நாலாம் தலைமுறை, 4 ஜிபி. சீனியர்கள் புதுசு வாங்கச் சொல்கிறார்கள், வீட்டில் கேட்க மனசு வரவில்லை. இதில் மின்ட் ஓடுமா? தமிழில் அடிக்க முடியுமா? பிரெண்ட்ஸோடு வேலரண்ட் விளையாட முடியுமா?

ஏரிக்கரை | அல்சூர்

தம்பி, மின்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பை எடு. 4 ஜிபியில் எடிட்டர், பைத்தான், சி கம்பைலர், ஆறேழு பிரவுசர் டேப் வரை சமாளிக்கும். எஸ்.எஸ்.டி. மட்டும் கட்டாயம். ரேமையும் 8 ஆக்க முடிந்தால் ஆக்கு. உன் லேப்டாப்புக்கு டி.டி.ஆர்.3, அதிலும் குறைந்த வோல்டேஜ் எல் வகை பெரும்பாலும். பழைய லேப்டாப்பில் கழற்றியது எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும், போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்கு.

ஏற்றுவதற்கு முன்னால் பென்டிரைவிலிருந்தே மின்டைத் திறந்து வைஃபை, ஒலி, கேமரா, திரை வெளிச்சம் நான்கையும் பார். வைஃபை வரவில்லை என்றால் டிரைவர் மேனேஜரில் தேடு, போனை யு.எஸ்.பி.யில் செருகி நெட் கொடுத்தால் இறங்கும். உன் ஃபைல்கள் வெளி டிஸ்க்கில் இருக்கிறது என்று உறுதி செய்யாமல் எதையும் அழிக்காதே.

தமிழுக்கு ஐபஸ்-எம்17என் என்ற பேக்கேஜைப் போட்டால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, தட்டச்சு எல்லாம் வரும். தமிழ்99-ஐப் பழகு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் உருவான அமைப்பு. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம். இரண்டு வாரத்தில் கை தானாகப் போகும்.

வேலரண்ட் லினக்ஸில் ஓடாது. அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸ் கெர்னலுக்குள் உட்காரும் வகை. உன் லேப்டாப்பில் விண்டோஸ் இருந்தாலும் திணறத்தான் செய்யும். விளையாட்டு முக்கியம் என்றால் கேம் சென்டரில் ஆடு, அதற்காக வீட்டில் கடன் வாங்க வைக்காதே.

வரவுசெலவு | சிவாஜிநகர்

இ.எஸ்.யூ.வில் சேர்ந்துவிட்டேன், அப்டேட் வந்தது. இன்னொரு சந்தேகம். கடையில் தூங்கிக்கொண்டிருந்த பழைய கணினியைப் பிள்ளைக்காக எடுத்து மின்ட் போட்டோம். எந்த இணையதளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பான இணைப்பு இல்லை" என்று எச்சரிக்கை. பேங்க் தளமும் அப்படியே. வைரஸா?

தங்கவயல் | கே.ஜி.எஃப்.

வைரஸ் இல்லை அக்கா. வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள், இன்றைய தேதிக்குப் பின்னால் இருக்கும். இணையதளச் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு; உங்கள் கணினியின் தேதி அதற்கு வெளியே இருந்தால் பிரவுசர் எதையும் நம்பாது. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி பேட்டரி ஒன்று இருக்கும், சி.ஆர். 2032. வாட்ச் கடையிலேயே கிடைக்கும். பவர் வயரைக் கழற்றிவிட்டு, எழுத்து இருக்கும் பக்கம் மேலே வரும்படி புதுசைப் போடுங்கள். பிறகு பயாஸில் தேதியைச் சரிசெய்யுங்கள்.